டொமைன் வாங்கறதுலயும் ரெனியூ பண்றதுலயும் காசு எங்க போகுது, எப்படி மிச்சம் பண்றது

99 ரூபாய்க்கு டொமைன், அதாவது வெப்சைட்டுக்கான முகவரிப் பேருன்னு விளம்பரம் பாத்திருப்பீங்க, பாத்து வாங்கியும் இருப்பீங்க. அடுத்த வருஷம் அதே பேருக்கு ஆயிரத்து சொச்சம், சில டொமைனுக்கு மூவாயிரம்னு பில் வரும்போதுதான் இது என்ன கணக்குன்னு யோசிக்கவே தோணும். நான் சொல்ல வர்ற முக்கியமான விஷயத்த முதல்லயே சொல்லிடறேன்: டொமைனோட விலைன்னா அது முதல் வருஷ விலை கிடையாது, ரெனியூவல் விலைதான். இத மட்டும் பிடிச்சுக்கிட்டீங்கன்னா மத்ததெல்லாம் தானா புரியும். புதுசா சைட் ஆரம்பிக்கறவங்க, சின்ன கடை வெச்சிருக்கறவங்க, ட்யூஷன் சென்டர் நடத்தறவங்க, பிளாக் எழுதறவங்க எல்லாருக்கும் சேத்துதான் எழுதறேன், டெக்னிக்கலா எதுவும் தெரிஞ்சிருக்கணும்னு அவசியமில்ல.

முதல்ல ஒண்ணு. டொமைன ஒரு தடவ காசு கட்டி நிரந்தரமா சொந்தமாக்கிக்க முடியாது. ஒரு வருஷத்துல இருந்து அதிகபட்சம் பத்து வருஷம் வரைக்கும் நம்ம பேர்ல பதிவு பண்ணி வெச்சுக்கலாம், அந்தக் காலம் முடிஞ்சா திரும்ப கட்டணும், கட்டலன்னா பேரு கைய விட்டுப் போயிடும். அதனால இது வருஷா வருஷம் வர்ற செலவு, அப்படித்தான் கணக்கு போடணும்.

இந்தக் காசு யாருக்குப் போகுதுன்னு பாக்கலாம். மேல இருக்கறது ஐகேன்னு ஒரு லாப நோக்கம் இல்லாத அமைப்பு, 1998ல ஆரம்பிச்சது, தலைமையகம் லாஸ் ஏஞ்சல்ஸ்ல இருக்கு, உலகம் முழுக்க டொமைன் பேர்களுக்கான விதிகள பாத்துக்கறது அவங்கதான். அதுக்குக் கீழ ரிஜிஸ்ட்ரி, அதாவது டாட் காம், டாட் இன் மாதிரி பேரோட கடைசிப் பகுதிய நடத்தறவங்க. டாட் காம், டாட் நெட் ரெண்டையும் நடத்தறது வெரிசைன்னு ஒரு அமெரிக்க கம்பெனி, டாட் ஆர்க்க நடத்தறது பப்ளிக் இன்ட்ரஸ்ட் ரிஜிஸ்ட்ரி, நம்ம டாட் இன்ன நடத்தறது நிக்சின்னு ஒரு இந்திய அமைப்பு. இவங்ககிட்ட நாம நேரா போய் வாங்க முடியாது. ரிஜிஸ்ட்ரார்னு சொல்ற கம்பெனிங்க, அதாவது கோடாடி, நேம்சீப், பிக்ராக், போர்க்பன், கிளவுட்ஃப்ளேர் மாதிரி ஆளுங்க, ரிஜிஸ்ட்ரிகிட்ட மொத்த விலைக்கு எடுத்து நமக்கு சில்லறை விலைக்கு விக்கறாங்க.

மொத்த விலை எவ்வளவுன்னு தெரிஞ்சுக்கிட்டா நாம எவ்வளவு கூடுதலா குடுக்கறோம்னு உடனே தெரிஞ்சிடும். டாட் காமுக்கு வெரிசைன் ரிஜிஸ்ட்ரார்கிட்ட வாங்கறது 2024 செப்டம்பர்ல இருந்து வருஷத்துக்கு 10.26 டாலர். அதோட ஐகேன் ஃபீஸ் ஒண்ணு சேரும், ரொம்ப வருஷமா 18 சென்ட்டா இருந்தது 2025 ஜூலைல இருந்து 20 சென்ட் ஆச்சு. ஆக மொத்தம் 10.46 டாலர். இந்த விலை உலகத்துல எந்த ரிஜிஸ்ட்ராரா இருந்தாலும் ஒண்ணுதான், பெரிய கம்பெனின்னு யாருக்கும் தனியா கம்மி விலை கிடையாது. ஆவின் பால் பாக்கெட்ட எந்தக் கடையில வாங்கினாலும் உள்ள இருக்கறது அதே பால்தானே, டொமைனும் அப்படித்தான். 11 டாலருக்கு வாங்கின டாட் காமுக்கும் 22 டாலருக்கு வாங்கின டாட் காமுக்கும் வேலை செய்யறதுல எந்த வித்தியாசமும் கிடையாது, அதிக விலை குடுத்தா சைட் வேகமா ஓடாது, கூகுள்ல மேல வராது.

இந்தப் போட்டி ஆரம்பத்துலயே இருந்தது இல்ல. முதல் டாட் காம் பதிவானது 1985 மார்ச் 15, சிம்பாலிக்ஸ் டாட் காம்னு ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி பேரு. அப்ப எல்லாம் இலவசம். 1995 செப்டம்பர்ல நெட்வொர்க் சொல்யூஷன்ஸ்ங்கற கம்பெனிக்கு காசு வாங்க அனுமதி குடுத்தாங்க, ரெண்டு வருஷத்துக்கு 100 டாலர், வேற யார்கிட்டயும் போய் வாங்க வழியில்ல. ஐகேன் வந்ததுக்கு அப்பறம் 1999ல மத்த ரிஜிஸ்ட்ரார்களையும் உள்ள விட்டாங்க, விலை மளமளன்னு இறங்கிச்சு. இந்தக் கதைய ஏன் சொல்றேன்னா, கடைய மாத்தற சுதந்திரம்தான் டொமைன் விலைய இறக்கிச்சு, அந்த சுதந்திரம் இன்னைக்கும் உங்க கையில இருக்கு, நிறைய பேரு அத பயன்படுத்தறதே இல்ல.

இப்ப அந்த 99 ரூபாய்க்கு வருவோம். மொத்த விலையே 10 டாலருக்கு மேல இருக்கறத ஒருத்தர் ஒரு டாலர் சொச்சத்துக்கு எப்படி குடுக்க முடியும்? நஷ்டத்துலதான் குடுக்கறாங்க, சில சமயம் ரிஜிஸ்ட்ரியே தள்ளுபடி குடுக்கும். அந்த நஷ்டத்த ரெண்டாவது வருஷத்துல இருந்து எடுத்துருவாங்க, ஏன்னா ஒரு தடவ சைட் போட்டு விசிட்டிங் கார்டுல பேர அடிச்சதுக்கு அப்பறம் யாரும் மெனக்கெட்டு கடைய மாத்த மாட்டாங்கன்னு அவங்களுக்கு நல்லாத் தெரியும். அதனால வாங்கறதுக்கு முன்னாடி ரெனியூவல் விலை எவ்வளவுன்னு தேடிப் பாருங்க. ஐகேன் விதிப்படி ரெனியூவல் கட்டணத்தையும், எக்ஸ்பயர் ஆனப்பறம் மீட்டெடுக்கற கட்டணத்தையும் ரிஜிஸ்ட்ரார் வாடிக்கையாளருக்குத் தெரியற மாதிரி வெச்சிருக்கணும். பெரிய எழுத்துல 99னு போட்டிருக்கும், பக்கத்துல சின்ன எழுத்துல இருக்கும், இல்லன்னா பிரைசிங்னு தனிப் பக்கத்துல இருக்கும். எங்கயுமே கண்ணுல படலன்னா அந்தக் கடைய விட்டுருங்க.

இதுல ரொம்ப மாட்டிக்கறது டாட் ஆன்லைன், டாட் ஸ்டோர், டாட் சைட் மாதிரி புது எக்ஸ்டென்ஷன் வாங்கறவங்கதான். முதல் வருஷம் ஒரு டாலர், ரெண்டு டாலருக்குக் கிடைக்கும், ரெனியூவல் டாட் காமோட விலைய விட ரெண்டு மடங்கு மூணு மடங்குன்னு போகும். ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. முதல் வருஷம் 1 டாலர், அப்பறம் வருஷம் 30 டாலர்னு வெச்சா அஞ்சு வருஷத்துக்கு 121 டாலர் ஆகுது. வருஷம் 11 டாலர்னு டாட் காம் வாங்கினா அஞ்சு வருஷத்துக்கு 55. ஆரம்பத்துல 10 டாலர் மிச்சம்னு நெனச்சு வாங்கினவரு கடைசியில 66 டாலர் கூட கட்டியிருப்பாரு. டாட் ஏஐ இன்னும் மேல, அது அங்குவிலான்னு கரீபியன்ல இருக்கற ஒரு சின்னத் தீவோட டொமைன், குறைஞ்சது ரெண்டு வருஷத்துக்கு சேத்துதான் பதிவு பண்ண முடியும், அதனால கையில எடுக்கும்போதே பெரிய தொகை. பேரு ஃபேஷனா இருக்குன்னு எடுக்கறதுக்கு முன்னாடி இந்த செலவ அஞ்சு வருஷம் தாங்க முடியுமான்னு பாருங்க. டாட் காம் கிடைக்கலன்னா டாட் இன் எடுங்க, டாட் கோ டாட் இன் எடுங்க, இந்தியாவுல இருக்கற கடைக்கு இதெல்லாம் தாராளமாப் போதும், விலையும் பொதுவா டாட் காமை ஒட்டியோ அதுக்குக் கீழயோதான் இருக்கும்.

பிரீமியம்னு ஒண்ணு இருக்கு, அதையும் கவனிங்க. சில நல்ல சின்னப் பேர்கள ரிஜிஸ்ட்ரியே தனியா எடுத்து வெச்சு அதிக விலை வெச்சிருக்கும். புது எக்ஸ்டென்ஷன்கள்ல நிறைய பேருக்கு அந்த அதிக விலை முதல் வருஷத்தோட நிக்காது, வருஷா வருஷம் அதே அதிக விலைக்குத்தான் ரெனியூ ஆகும், வேற ரிஜிஸ்ட்ரார்கிட்ட மாத்தினாலும் தப்பிக்க முடியாது ஏன்னா மொத்த விலையே அதுக்கு அதிகம். டாட் காம்ல ஒருத்தர் ஏற்கனவே வாங்கி வெச்ச பேர நமக்கு விக்கறது வேற, அங்க ஒரு தடவ பெரிய தொகை குடுத்தா அப்பறம் ரெனியூவல் சாதாரண விலைதான். பிரீமியம்னு போட்டிருந்தா இது ரெண்டுல எதுன்னு கேட்டுட்டு எடுங்க.

சுத்தமா இலவசமா ஒரு டொமைன் கிடைச்சா? கிடைச்சுது ஒரு காலத்துல. ஃப்ரீனம்னு ஒரு கம்பெனி டாட் டிகே, டாட் எம்எல் மாதிரி சில நாடுகளோட டொமைன ஃப்ரீயா குடுத்துக்கிட்டு இருந்தது, நம்ம ஊர்லயும் காலேஜ் பசங்க ப்ராஜெக்டுக்கு எல்லாம் அதத்தான் எடுப்பாங்க. ஃப்ரீங்கறதால மோசடிக்காரங்களும் அள்ளிக்கிட்டாங்க. மெட்டா கேஸ் போட்டுச்சு, 2023ல புதுப் பதிவையே நிறுத்தினாங்க, 2024 பிப்ரவரில டொமைன் தொழில விட்டே போறோம்னு அறிவிச்சாங்க. அத நம்பி சைட் போட்டவங்க பாடு என்ன ஆச்சுன்னு யோசிங்க. கையில காசே இல்லன்னா ஃப்ரீ டொமைன தேடறத விட ஃப்ரீயா சைட் வெச்சுக்க விடற பிளாகர்லயோ கிட்ஹப் பேஜஸ்லயோ அவங்க குடுக்கற சப்டொமைன்ல, அதாவது அவங்க பேருக்கு முன்னாடி நம்ம பேர சேத்த முகவரில ஆரம்பிக்கறது எவ்வளவோ நல்லது, அப்பறமா சொந்த டொமைன் வாங்கி அதோட இணைச்சுக்கலாம்.

அடுத்து, ஹோஸ்டிங், அதாவது சைட்ட வெச்சு நடத்தற இடம், வாங்கினா டொமைன் ஃப்ரீங்கற ஆஃபர். இது பொய் இல்ல, ஆனா பெரும்பாலும் ஒரு வருஷத்துக்குத்தான் ஃப்ரீ. ரெண்டாவது வருஷம் அவங்க சொல்ற ரெனியூவல் விலை, ஹோஸ்டிங்க நடுவுல கேன்சல் பண்ணினா டொமைனுக்கான காச கழிச்சுக்கிட்டுதான் மீதியத் திருப்புவாங்க. என் அபிப்பிராயம், டொமைன் ஒரு இடத்துலயும் ஹோஸ்டிங் வேற இடத்துலயும் இருக்கறதுதான் நல்லது. ஹோஸ்டிங் பிடிக்கலன்னா நேம்சர்வர, அதாவது இந்தப் பேருக்கான சைட் எங்க இருக்குன்னு வழி காட்டற சர்வர, மாத்திட்டு வேற இடத்துக்குப் போயிடலாம், பேரு பத்திரமா தன் இடத்துல இருக்கும்.

பில் போடற பக்கத்துக்கு வந்ததும் நிதானமா பாருங்க, காசு அதிகமா கசியறது இங்கதான். பிரைவசி, எஸ்எஸ்எல், ஈமெயில், சைட் பில்டர், டொமைன் புரொடெக்‌ஷன்னு வரிசையா வரும், சிலது ஏற்கனவே டிக் ஆகி இருக்கும். ஹூஇஸ் பிரைவசி, அதாவது உங்க பேரு அட்ரஸ் போன் நம்பர் வெளிய தெரியாம மறைக்கறது, நிறைய ரிஜிஸ்ட்ரார்கள் இப்ப காசே வாங்காம குடுக்கறாங்க. 2018 மே மாசம் ஐரோப்பாவுல ஜிடிபிஆர்ங்கற தனியுரிமைச் சட்டம் வந்ததுக்கு அப்பறம் இந்த விவரங்கள மறைச்சுக் காட்டறதே பொது வழக்கமாயிடுச்சு. இதுக்குத் தனியா வருஷம் ஐநூறு அறுநூறு கேக்கற இடம்னா வேற இடம் பாருங்க. எஸ்எஸ்எல் சர்டிஃபிகேட், பிரவுசர்ல பூட்டு மாதிரி வருமே அது, லெட்ஸ் என்கிரிப்ட்னு ஒரு லாப நோக்கமில்லாத சேவை 2015ல இருந்து ஃப்ரீயாவே குடுக்குது, முக்கால்வாசி ஹோஸ்டிங் கம்பெனி அத தானாவே போட்டுக் குடுக்கும். ஒரு சாதாரண கடை சைட்டுக்கு அதுவே தாராளம், ஆயிரக்கணக்குல குடுத்து வாங்க வேண்டியதில்ல. ஈமெயிலும் அப்படித்தான், உங்க டொமைன் பேர்ல வர்ற மெயில ஜிமெயிலுக்குத் திருப்பி விட்டா போதும்னா ஃபார்வர்டிங் ஃப்ரீயா குடுக்கற ரிஜிஸ்ட்ரார் இருக்காங்க, கிளவுட்ஃப்ளேர்லயும் இருக்கு. முழு மெயில்பாக்ஸ் உண்மையிலயே தேவைன்னா அப்ப காசு கட்டுங்க, டொமைன் வாங்கற அன்னைக்கே அவசரப்பட்டு சேக்காதீங்க. எத்தன வருஷத்துக்குன்னு இருக்கற இடத்தையும் பாருங்க, சில இடத்துல அதுவாவே மூணு வருஷம்னு செலக்ட் ஆகி நிக்கும், 99 ரூபாய்ன்னு உள்ள வந்தவங்களுக்கு கடைசியில நாலாயிரம்னு காட்டறதுக்கு இதுதான் காரணம்.

இந்தியாவுல இருந்து வாங்கறவங்களுக்கு இன்னும் ரெண்டு கணக்கு இருக்கு. இந்திய ரிஜிஸ்ட்ரார்னா காட்டற விலைக்கு மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி வரும், உங்க தொழிலுக்கு ஜிஎஸ்டி பதிவு இருந்தா நம்பர மறக்காம குடுங்க, இன்புட் கிரெடிட் எடுத்துக்கலாம். வெளிநாட்டு ரிஜிஸ்ட்ரார்கிட்ட டாலர்ல கட்டினா பேங்க் கார்டு ஃபாரெக்ஸ் மார்க்கப்னு ஒண்ணு பிடிக்கும், பல கார்டுல 2ல இருந்து 3.5 சதவீதம் வரைக்கும் போகும், அந்த மார்க்கப்புக்கும் ஜிஎஸ்டி உண்டு. இதெல்லாம் சேத்துதான் எது மலிவுன்னு பாக்கணும், வெறும் டாலர் விலைய ரூபாய்க்கு மாத்திப் பாத்தா போதாது.

இன்னொண்ணு, ரொம்ப முக்கியம், இதப் பத்தி யாரும் சரியா சொல்றதில்ல. ஆட்டோ ரெனியூ போட்டுட்டேன், கார்டு குடுத்துட்டேன், இனி கவலையில்லன்னு இருந்துடாதீங்க. 2021 அக்டோபர் 1ல இருந்து ரிசர்வ் பேங்க் விதிப்படி கார்டுல தானா காசு எடுக்கறதுக்கு நீங்க முன்கூட்டியே இ-மேன்டேட்டுக்கு ஒப்புதல் குடுத்திருக்கணும், எடுக்கறதுக்கு 24 மணி நேரம் முன்னாடி பேங்க் உங்களுக்குத் தகவல் அனுப்பணும். இந்த முறைக்குள்ள வராத வெளிநாட்டு கம்பெனிங்க நிறைய, அதனால ஆட்டோ ரெனியூ ஆன்ல இருந்தும் பேமென்ட் ஃபெயில் ஆகி டொமைன் எக்ஸ்பயர் ஆகறது இந்தியாவுல சர்வசாதாரணம். காலண்டர்ல ஒரு மாசம் முன்னாடியே ரிமைண்டர் வெச்சு நீங்களே உள்ள போய் கட்டிடுங்க, சில ரிஜிஸ்ட்ரார்ல முன்கூட்டியே கணக்குல பணம் போட்டு வெச்சுக்கவும் வசதி இருக்கு.

எக்ஸ்பயர் ஆனா என்ன ஆகும்? உடனே போயிடாது, ஆனா நாளாக ஆக செலவு ஏறும். டாட் காம் மாதிரி டொமைனுக்கு எக்ஸ்பயர் ஆன தேதியில இருந்து அதிகபட்சம் 45 நாள் வரைக்கும் ரிஜிஸ்ட்ரார் கையில இருக்கும், அதுல எத்தன நாள் சாதாரண விலைக்கு ரெனியூ பண்ண விடறாங்கங்கறது அவங்கவங்க இஷ்டம், அதுக்குள்ளயே ஏலத்துல விடறவங்களும் இருக்காங்க. அதுக்குள்ள சைட்டும் மெயிலும் நின்னுடும். அதுக்கு அப்பறம் ரிடெம்ப்ஷன்னு 30 நாள். அப்ப திரும்ப எடுக்கணும்னா ரெனியூவல் கட்டணத்தோட தனியா ஒரு பெரிய தொகை கேப்பாங்க, 80 டாலர், 100 டாலர்னு கேக்கறது வழக்கம். பத்து டாலர் வேலை நூறு டாலராகற இடம் இது. அதையும் விட்டா அஞ்சு நாள் பென்டிங் டெலிட், அந்த அஞ்சு நாள்ல யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது, அப்பறம் யாரு முதல்ல எடுக்கறாங்களோ அவங்களுக்கு. இது சின்ன ஆளுங்களுக்கு மட்டும் நடக்கறதில்ல. 1999 டிசம்பர்ல மைக்ரோசாஃப்ட் தன்னோட லாகின் சேவையான பாஸ்போர்ட் டாட் காம ரெனியூ பண்ண மறந்து அவங்க மெயில் சேவையான ஹாட்மெயிலுக்குள்ள போக முடியாம ஆச்சு, ஒரு லினக்ஸ் புரோகிராமர்தான் தன் கார்டுல 35 டாலர் கட்டி சரி பண்ணினாரு.

எக்ஸ்பயர் ஆகறதுக்கு ஏறக்குறைய ஒரு மாசம் முன்னாடி ஒண்ணு, ஒரு வாரம் முன்னாடி ஒண்ணு, முடிஞ்சப்பறம் அஞ்சு நாளுக்குள்ள ஒண்ணுன்னு ரிஜிஸ்ட்ரார் கட்டாயம் நோட்டீஸ் அனுப்பணும்னு ஐகேன் விதி இருக்கு. ஆனா அந்த மெயில் உங்களுக்கு வந்து சேரணுமே. ரிஜிஸ்ட்ரார் அக்கவுண்டுல அதே டொமைன்ல இருக்கற மெயில் ஐடிய குடுக்காதீங்க, டொமைன் நின்னா அந்த மெயிலும் நின்னுடும், கடைசி நோட்டீஸ் உங்க கண்ணுலயே படாது. ஜிமெயில் மாதிரி தனியா ஒண்ணு குடுங்க, அதுவும் தினமும் பாக்கற மெயிலா இருக்கட்டும்.

இப்ப ரெனியூவல்ல காசு மிச்சம் பண்றதுக்கு உண்மையான வழிக்கு வருவோம், ட்ரான்ஸ்ஃபர், அதாவது டொமைன ஒரு ரிஜிஸ்ட்ரார்கிட்ட இருந்து இன்னொருத்தர்கிட்ட மாத்தறது. நிறைய பேரு இத ஏதோ பெரிய ஆபரேஷன்னு நெனச்சு பயப்படறாங்க, சைட் நின்னுடுமோ, இருக்கற மீதி மாசம் போயிடுமோன்னு. டாட் காம், டாட் நெட், டாட் ஆர்க் எல்லாத்துலயும் ட்ரான்ஸ்ஃபர் பண்ண கட்டற காசுலயே ஒரு வருஷம் கூடுது, ஏற்கனவே மீதியிருக்கற மாசங்கள் அப்படியே இருக்கும், அதோட மேல ஒரு வருஷம் சேரும், மொத்தம் பத்து வருஷத்த தாண்டக்கூடாதுங்கறது மட்டும்தான். அதனால பழைய இடத்துல 22 டாலர் ரெனியூவல் கேட்டா, 11 டாலருக்கு குடுக்கற இடத்துக்கு ட்ரான்ஸ்ஃபர் பண்ணிட்டா அதுவே உங்க ரெனியூவல். கிளவுட்ஃப்ளேர் 2018ல ரிஜிஸ்ட்ரார் சேவை அறிவிச்சப்பவே மொத்த விலைக்கே குடுக்கறோம், மேல ஒண்ணும் வெக்க மாட்டோம்னு சொன்னாங்க, ஆனா அங்க வெச்சா அவங்க நேம்சர்வரத்தான் பயன்படுத்தணும், அது ஓகேன்னா போகலாம். இல்லன்னா போர்க்பன் மாதிரி ரெனியூவல் விலையையும் முதல் விலைக்குப் பக்கத்துலயே காட்டற இடம் பாருங்க.

செய்யறது இப்படித்தான். பழைய ரிஜிஸ்ட்ரார் அக்கவுண்டுல டொமைன் லாக்க எடுத்து விடுங்க, ஆத் கோட்னு டொமைன மாத்தறதுக்கான ரகசியக் கோட் ஒண்ணு இருக்கும், சில இடத்துல இபிபி கோட்னு போட்டிருக்கும், அத வாங்குங்க, கேட்டா அஞ்சு நாளுக்குள்ள குடுத்தே ஆகணும், இழுத்தடிச்சா ஐகேன்ல புகார் குடுக்கலாம். புது இடத்துல அந்தக் கோட போட்டு காசு கட்டுங்க. பழைய இடத்துல இருந்து சம்மதமான்னு மெயில் வரும், சம்மதம்னா அன்னைக்கே முடியும், ஒண்ணும் செய்யாம விட்டாலும் அஞ்சு நாள்ல தானா போயிடும். நேம்சர்வர் மாறாத வரைக்கும் சைட் நிக்காது. ஆனா பழைய ரிஜிஸ்ட்ராரோட நேம்சர்வரயே இத்தன நாளா பயன்படுத்திக்கிட்டு இருந்தீங்கன்னா, அவங்க அத நிறுத்திடலாம், அதனால டிஎன்எஸ் ரெக்கார்டுகள, அதாவது சைட்டும் மெயிலும் எங்க போகணும்னு சொல்ற குறிப்புகள, முன்னாடியே புது இடத்துல போட்டு வெச்சுட்டு அப்பறம் ஆரம்பிங்க, முக்கியமா மெயிலுக்கான எம்எக்ஸ் ரெக்கார்ட விட்டுடாதீங்க.

நேரம் முக்கியம். புதுசா பதிவு பண்ணின டொமைனையும், இப்பத்தான் ட்ரான்ஸ்ஃபர் ஆகி வந்ததையும் பொதுவா 60 நாளைக்கு மாத்த முடியாது. அக்கவுண்டுல ஓனர் பேரையோ மெயில் ஐடியையோ மாத்தினாலும் சில இடத்துல அதே 60 நாள் லாக் விழும், அதனால மாத்தணும்னு முடிவு பண்ணினா அந்த விவரங்கள தொடாம முதல்ல ட்ரான்ஸ்ஃபர முடிங்க. எக்ஸ்பயர் ஆகறதுக்கு ஒரு மாசம் முன்னாடி ஆரம்பிக்கறது நல்லது. எக்ஸ்பயர் ஆகி பழைய இடத்துல ரெனியூவலும் கட்டிட்டு அந்த 45 நாளுக்குள்ள ட்ரான்ஸ்ஃபர் பண்ணினா, கட்டின அந்த ஒரு வருஷம் கணக்குல இருந்து போயிடும், ரெண்டு தடவ காசு கட்டி ஒரு வருஷம்தான் கிடைக்கும். இத தெரியாம செய்யறவங்க நிறைய.

பல வருஷத்துக்கு சேத்துக் கட்டறது லாபமா? டாட் காம் மொத்த விலை 2021 வரைக்கும் 7.85 டாலரா இருந்தது. அப்பறம் 8.39, 8.97, 9.59, 10.26னு நாலு வருஷம் வரிசையா வருஷத்துக்கு 7 சதவீதம் ஏறிச்சு. வெரிசைனோட ஒப்பந்தப்படி ஆறு வருஷத்துல கடைசி நாலு வருஷம் அப்படி ஏத்திக்கலாம், இப்ப நடக்கற ஆறு வருஷம் 2024 அக்டோபர்ல ஆரம்பிச்சது, அதுல முதல் ரெண்டு வருஷம் ஏத்த முடியாது, அதுக்கு அப்பறம் நாலு தடவையும் முழுசா ஏத்தினா 13.45 டாலர்கிட்ட வரும். விலை ஏத்தறத ஆறு மாசம் முன்னாடியே சொல்லணும், அந்த அறிவிப்பு வந்ததும் ஏறறதுக்கு முன்னாடி பழைய விலைக்கே ரெனியூ பண்ணி வெச்சுக்கலாம். நீண்ட நாள் வெச்சுக்கப் போறோம்னு நிச்சயமா தெரிஞ்ச பேருக்கு, அதுவும் நியாயமான விலை வாங்கற ரிஜிஸ்ட்ரார்கிட்ட இருக்கற பேருக்கு, மூணு அஞ்சு வருஷம் கட்டறதுல எனக்கு ஆட்சேபணை இல்ல, மறந்து போய் எக்ஸ்பயர் ஆகற பயமும் குறையும். ஆனா 22 டாலர் வாங்கற இடத்துல பத்து வருஷம் கட்டறது சேமிப்பு கிடையாது. தள்ளுபடி விலையும் பெரும்பாலும் முதல் வருஷத்துக்கு மட்டும்தான், 99 ரூபாய்க்கு அஞ்சு வருஷம்னு எடுக்க முடியாது.

தேவையில்லாத டொமைன வாங்காம இருக்கறதும் சேமிப்புதான். டாட் காம் எடுத்ததும் டாட் நெட், டாட் ஆர்க், டாட் பிஸ், டாட் இன்ஃபோ எல்லாம் எடுங்க, வேற யாராவது எடுத்துடுவாங்கன்னு கடைக்காரர் பயமுறுத்துவாரு. சின்ன தொழிலுக்கு டாட் காமும் டாட் இன்னும் இருந்தா போதும்ங்கறது என் கருத்து. பிளாக்குக்கு ஒண்ணு, கடைக்கு ஒண்ணு, சப்போர்ட்டுக்கு ஒண்ணுன்னு தனித்தனியாவும் வாங்க வேண்டாம், ஒரே டொமைன்ல முன்னாடி ஒரு வார்த்தையப் போட்டு எத்தன சப்டொமைன் வேணும்னாலும் பைசா செலவில்லாம வெச்சுக்கலாம். தமிழ்ல பேரு வேணும்னு ஆசைப்படறவங்களுக்கு .இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர்னு தமிழ் எழுத்துலயே எக்ஸ்டென்ஷன்கள் இருக்கு, எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் அது, இருந்தாலும் எல்லா மெயில் ஆப்பும் தமிழ் முகவரிய சரியா ஏத்துக்கறதில்ல, அதனால இங்கிலீஷ் எழுத்துல ஒண்ண முதன்மையா வெச்சுக்கிட்டு தமிழ்ப் பேர அதுக்குத் திருப்பி விடறது நடைமுறைக்கு ஒத்து வரும்.

டொமைன் யாரு பேர்ல இருக்குன்னு இன்னைக்கே பாத்துடுங்க. வெப்சைட் செஞ்சு குடுத்த தம்பியோ தெரிஞ்ச பையனோ தன் அக்கவுண்டுலயே வாங்கிப் போட்டுருப்பாரு, கெட்ட எண்ணத்துல இல்ல, சீக்கிரம் முடியணும்னுதான். ஆனா அவரு வெளிநாடு போயிட்டா, போன் நம்பர மாத்திட்டா, ரெனியூவலுக்கு அவரு சொல்ற விலைதான் விலை, ஆத் கோட கூட நீங்க கேட்டு வாங்க முடியாது ஏன்னா பதிவுல நீங்க இல்ல. எனக்குத் தெரிஞ்ச ஒரு ஜவுளிக்கடைக்காரருக்கு இப்படித்தான் ஆச்சு, பத்து வருஷமா போர்டுல இருந்த பேர விட்டுட்டு வேற பேர்ல சைட் போட வேண்டியதா போச்சு. அக்கவுண்ட் உங்க பேர்ல, உங்க மெயில்ல, பாஸ்வேர்ட் உங்க கையில, டூ ஃபேக்டர், அதாவது பாஸ்வேர்டோட இன்னொரு கோடும் கேக்கற வசதி, போட்டு வெச்சுக்கங்க. வேலை செய்யறவருக்கு டிஎன்எஸ் மாத்தற அளவுக்கு மட்டும் அனுமதி குடுத்தா போதும்.

கடைசியா போலி ரெனியூவல் பில். உங்க டொமைன் முடியப் போகுது, உடனே கட்டுங்கன்னு அச்சு அசல் இன்வாய்ஸ் மாதிரியே மெயில் வரும், சில நாட்டுல தபால்லயே வரும், விலை நாலஞ்சு மடங்கு இருக்கும். அமெரிக்காவுல டொமைன் ரிஜிஸ்ட்ரி ஆஃப் அமெரிக்காங்கற கம்பெனி இப்படித் தபால் அனுப்பினதுக்காக 2003லயே அங்கத்த வர்த்தக ஆணையம் நடவடிக்கை எடுத்துச்சு, அப்பறமும் இது நின்னபாடில்ல. இன்னொரு வகை, சீனாவுல ஒரு கம்பெனி உங்க பேர்ல டொமைன் பதிவு பண்ண விண்ணப்பம் குடுத்திருக்கு, நீங்க எடுத்துக்கறீங்களான்னு ரொம்ப மரியாதையா கேக்கற மெயில், அதுவும் வெறும் விற்பனை தந்திரம், பதில் போட வேண்டியதில்ல. எந்த மெயில் வந்தாலும் அதுல இருக்கற லிங்க்க கிளிக் பண்ணாம, ஐகேனோட லுக்கப் பக்கத்துல உங்க டொமைன போட்டா ரிஜிஸ்ட்ரார் யாரு, எந்தத் தேதியில முடியுதுன்னு காட்டும், அந்தப் பேரும் பில்லுல இருக்கற பேரும் ஒண்ணா இல்லன்னா கிழிச்சுப் போடுங்க, ஒண்ணா இருந்தா பிரவுசர்ல நீங்களே அட்ரஸ டைப் பண்ணி உள்ள போய் கட்டுங்க.